புனித யோசேவ் வாஸ் அடிகளாரும் நம் முன்னோரின் திருமணங்களும்

மாத்தளை மாவட்டத்தில் பல்லேபொல என்றொரு பிரதேசம் உண்டு. அங்கே அயலயலாக வாழும் மூன்று குடும்பங்களை எடுத்துக்கொண்டால், மூன்றும் மூன்று சட்டங்களின்படி விவாகப் பதிவு செய்தவையாக இருக்கலாம். கண்டியச் சிங்களக் குடும்பத்துக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. முஸ்லிம் குடும்பத்துக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். எது விவாகம், எப்போது அது முறியும் என்பவற்றுக்கு இவை ஒவ்வொன்றும் தன் வழியிலேயே விடை சொல்கின்றன.

கத்தோலிக்கக் குடும்பத்துக்கோ இவற்றுக்கு மேலாக இன்னொரு விடையும் உண்டு. அது பீடத்தின் முன்னே தரப்படுவது. அரசாங்கத்தின் விடையும் பீடத்தின் விடையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இந்த இழுபறி இன்று நேற்றுத் தோன்றியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், இதே இலங்கையில், நம் முன்னோர் தங்கள் கலியாணத்துக்காகச் சொத்தையும் மானத்தையும் சில வேளை உயிரையும் பணயம் வைக்க நேர்ந்தது. அந்த நாட்களில் அவர்களைத் தேடி வெறுங்காலுடன் நடந்து வந்தவர் புனித யோசேவ் வாஸ் அடிகளார். அவரது வாழ்க்கையை நாம் பல முறை வாசித்திருக்கிறோம். இம்முறை திருமணம் என்ற ஒரு கண்ணோட்டத்தில் மட்டும் அதைப் பார்ப்போம்.

கோவாவிலிருந்து கன்னடக் கரைக்கு

யோசேவ் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் திகதி, கோவாவில் தாயாரின் ஊராகிய பெனவுலிமில் பிறந்தார். தந்தையாரின் ஊர் சங்கோலே. தகப்பனார் கிறிஸ்தோவாவ் வாஸ், தாயார் மரியா தெ மிராந்தா. 1676ஆம் ஆண்டில் அவர் குருப்பட்டம் பெற்றார்.

1681ஆம் ஆண்டில் அவர் கன்னடக் கரைக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே விசுவாசிகள் பெரியதொரு குழப்பத்தில் இருந்தார்கள். போர்த்துக்கல் அரசரின் பாதுரவாதோ உரிமையின்படி அந்த நாடு தமக்குரியது என்று கோவா அதிமேற்றிராணியார் தரப்பினர் கூறினர். உரோமையினால் நேரடியாக நியமிக்கப்பட்ட அப்போஸ்தலிக்கப் பதிலாளர் தோமாஸ் தெ காஸ்த்ரோ ஆண்டகையோ அந்த அதிகாரம் தம்முடையது என்றார். நடுவில் அகப்பட்டவர்கள் எளிய மக்கள். எந்தக் குருவானவர் தந்த பாவமன்னிப்புச் செல்லும், எவர் ஆசீர்வதித்த கலியாணம் செல்லும் என்று அவர்கள் கலங்கினார்கள்.

இக்கலக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1563ஆம் ஆண்டில் திரிதெந்தீன் பொதுச்சங்கம், திருமணம் பங்குக்குருவானவர் அல்லது அவரின் அனுமதி பெற்ற குருவானவர் முன்னிலையிலும், இரண்டு மூன்று சாட்சிகள் முன்னிலையிலும் நடைபெற வேண்டும் என்று விதித்திருந்தது. இரகசியக் கலியாணம் செய்து பின்னர் மனைவியைக் கைவிடும் கொடுமையை நிறுத்தவே அந்த விதி வந்தது. ஆகவே குருவானவருக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்ற சந்தேகம் எழுந்தால், வீட்டிலிருக்கும் கணவனும் மனைவியும் உண்மையிலேயே கணவன் மனைவியா என்ற சந்தேகமும் கூடவே எழும்.

இளங்குருவான யோசேவ் வாஸ் இரு தரப்பாரில் ஒருவரையும் பழிக்கவில்லை. உரோமையின் தீர்ப்பு வரும்வரை இரு பக்கத்து அதிகாரத்தையும் மதித்து நடக்க வழி தேடினார். சட்டச் சண்டையில் ஆத்துமங்கள் நசுங்கக் கூடாது என்பதே அவருடைய கவலையாயிருந்தது. இலங்கையில் அவர் காணப்போகும் துன்பத்துக்கு இது ஒரு முன்பாடம்.

சட்டம்பியாரின் தோம்பு

கோவாவுக்குத் திரும்பியவர் 1685ஆம் ஆண்டில் அங்கிருந்த சிறியதொரு குருக்கள் கூட்டத்துடன் சேர்ந்து, அதனைப் புனித பிலிப்பு நேரியாரின் ஒறற்றோரியன் சபையாக அமைத்தார். அதற்கு முன்னரே இலங்கைக் கத்தோலிக்கரின் நிலைமை அவரது நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

1656ஆம் ஆண்டில் கொழும்பையும் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். குருமார் அனைவரும் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. நம் முன்னோர் கட்டிய கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குரிய கோவில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின.

இந்தக் கோவிற்பள்ளிக்கூடங்கள்தாம் புதிய ஆட்சியின் கணக்கு மையங்கள். அங்கே சட்டம்பியார் பள்ளித் தோம்பு எழுதினார். யார் பிறந்தார், யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் யாரை மணந்தார், யார் இறந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாயிற்று. கலியாணம் செய்ய விரும்புவோர் அங்கே பெயர் கொடுக்க வேண்டும். சீர்திருத்த சபையின் உபதேசத்தை ஒப்புவிக்க வேண்டும். ஒல்லாந்தப் போதகர் ஊர் ஊராகச் சுற்றி வரும்போது அவர் முன்னிலையில் கலியாணம் முடிக்க வேண்டும். கம்பனியாரின் சட்டம் இதையே விவாகம் என்றது. கத்தோலிக்கக் குருவானவரின் ஆசீர்வாதத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

தோம்பில் ஏறாத தம்பதிகளின் பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகளாகக் கருதப்பட்டனர். முறையற்ற பிள்ளைக்குத் தகப்பனின் காணியில் உரித்து இல்லை. யாழ்ப்பாணத்து விவசாயிக்கு முதுசம் என்பதும் சீதனம் என்பதும் எவ்வளவு பெரிய விடயம் என்று நாம் விளக்கத் தேவையில்லை. ஒரு பெயர் தோம்பில் இல்லாவிட்டால் ஒரு பரம்பரையின் தோட்டமும் வயலும் கைவிட்டுப் போகும். சிறைச்சாலையும் சவுக்கும் செய்ய முடியாத காரியத்தைச் சட்டம்பியாரின் எழுத்தாணி செய்யக்கூடியதாயிருந்தது.

அந்தக் கம்பனியார் எல்லாவற்றையும் எழுதி வைப்பதில் வல்லவர்கள். 1707ஆம் ஆண்டில், வாஸ் அடிகளார் உயிருடனிருந்த காலத்திலேயே, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தமிழரின் கலியாணம், சீதனம், சொத்துரிமை பற்றிய வழமைகளையெல்லாம் திரட்டினார். அதுவே தேசவழமை. தமிழனின் வழமையைக் கேட்டு எழுதுவதற்கு அவர்களுக்குப் பொறுமை இருந்தது. கத்தோலிக்கத் தமிழனின் மனச்சாட்சியைக் கேட்பதற்குத்தான் இருக்கவில்லை.

இருளில் வந்த ஆசீர்வாதம்

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்த மக்கள் குருவானவரைக் காணவில்லை. 1687ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாட் காலத்தில், கூலியாளின் கோலத்தில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் கரையிறங்கினார். கூட வந்தவர் யோவான் என்ற உத்தம ஊழியர். கடற்பயணத்தில் பட்ட துன்பத்தினால் வாஸ் அடிகளார் வயிற்றோட்டத்தில் விழுந்து மரணத்தறுவாய்க்குச் சென்றார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மாறுகிறவர்கள் யார் என்று பார்த்தே தம் மக்களை இனங்கண்டார். பின்பு சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று.

மக்கள் அவரிடம் கொண்டு வந்த பாரங்களில் கலியாணப் பாரம் ஒன்று. ஒல்லாந்தப் போதகர் முன்னே நின்று தோம்பில் பெயர் எழுதுவித்துக் குடும்பம் நடத்திப் பிள்ளைகள் பெற்றவர்கள் எத்தனையோ பேர். காணிக்காகவும் பிள்ளைகளின் பெயருக்காகவும் அப்படிச் செய்தார்கள். ஆனால் தாங்கள் பெற்றது மெய்விவாகம் என்னும் அருட்சாதனமா என்ற கேள்வி அவர்களை உறங்க விடவில்லை. வேறு சிலரோ தோம்புப் பக்கமே போகாமல், உறவினர் முன்னிலையில் தாலி கட்டி வாழ்ந்து, சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டியும் முறையற்ற பிள்ளைகளுமாகத் தாழ்ந்து போனார்கள்.

இரவில், கதவடைத்த வீடுகளில், அடிகளார் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தம்பதிகளின் திருமணங்களைத் திருச்சபை முறைப்படி சீர்செய்து ஆசீர்வதித்தார். பொழுது விடியுமுன் அவர் அடுத்த ஊரில் இருப்பார். இப்படியாக ஒரே தம்பதிக்கு இரண்டு கலியாணங்கள் நடந்தன. பகலில் நடந்தது அரசாங்கத்துக்கு. இரவில் நடந்தது கடவுளுக்கு. ஒல்லாந்தர் ஆட்சி முடியும்வரை நம் முன்னோர் பலரின் வழக்கம் இதுவாகவே இருந்தது.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தப் படையினர் புகுந்தனர். பூசைக்குக் கூடியிருந்த நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்டவர்கள் அபராதமும் சிறையும் சவுக்கடியும் அனுபவித்தார்கள். சீர்திருத்த சபையை விட்டுக் கத்தோலிக்கரான தொன் பேதுரு அடிபட்டே உயிர் துறந்தார். தம்மை மறைத்து வைத்தால் மக்களுக்கு என்ன நேரும் என்று கண்ட அடிகளார் 1690ஆம் ஆண்டில் கண்டியரசனின் எல்லைக்குள்ளிருந்த புத்தளத்துக்குப் போனார்.

மலைநாட்டில் வேறொரு சோதனை

1692ஆம் ஆண்டில் அவர் கண்டி சேர்ந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்று கோள் சொல்லப்பட்டதால் சிறைப்பட்டார். சிறையிலேயே சிங்களம் கற்றார். ஓலையால் சிறு கோவில் அமைத்தார். நாட்டில் மழையின்றிப் பஞ்சம் வந்தபோது, சிலுவையின் முன் முழங்காலிட்டு அவர் மன்றாட மழை பெய்தது என்றும், இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அதன் பின்னர் அவருக்குப் போதிக்கும் சுதந்திரத்தைத் தந்தான் என்றும் வரலாறு கூறுகிறது. பௌத்த மன்னன் ஒருவன் காட்டிய இந்தப் பெருந்தன்மையை, கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட கம்பனியார் காட்டவில்லை.

திருமண விடயத்தில் கண்டி நாட்டின் நிலைமை யாழ்ப்பாணத்துக்கு நேர் எதிரானது. இங்கே தோம்பு எழுதி விவாகத்தை வகுக்கும் கம்பனி இல்லை. குடும்பங்களும் வழக்கமும் சொன்னதே விவாகம். பெண் கணவன் வீடு சென்றால் தீக விவாகம், கணவன் பெண் வீட்டில் வந்திருந்தால் பின்ன விவாகம் என்றனர். சகோதரர்கள் சேர்ந்து ஒருத்தியை மணப்பதற்கும் வழக்கம் இடந்தந்தது. இருவருக்கும் மனம் ஒவ்வாவிட்டால் பிரிந்து வேறு துணை தேடுவது இழிவாகக் கருதப்படவில்லை. கண்டி நாட்டில் கைதியாயிருந்து தப்பிய ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதை விவரித்திருக்கிறார்.

ஆகவே அடிகளார் இரு வேறு நிலங்களில் உழ வேண்டியவரானார். கரையோரத்தில் அரசாங்கம் விவாகத்தை முழுவதும் தன் கைக்குள் அடக்கியிருந்தது. மலைநாட்டிலோ விவாகத்தின் கட்டு மிகவும் தளர்ந்திருந்தது. ஒருவனுக்கு ஒருத்தி, மரணம் பிரிக்கும்வரை, இருவரின் சுயாதீனமான சம்மதத்தோடு என்ற திருச்சபையின் போதனை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கரையிலே அதைச் சொல்வது அரசுக்கு மாறானது. மலையிலே அது ஊர் வழக்கத்துக்கு மாறானது.

பல்லேபொலைக்கு அயலில் கலேவெலப் பக்கமாக வஹாக்கோட்டை என்ற பழைய கத்தோலிக்கக் கிராமம் உண்டு. கண்டி மன்னரின் கைதிகளான போர்த்துக்கேயரின் வழிவந்தோர் அங்கே குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் சிங்களப் பெண்களை மணந்து, சிங்களம் பேசி, கண்டியராகவே வாழ்ந்தார்கள். வாஸ் அடிகளார் அவர்களைத் தேடி வந்தார் என்பது அவ்வூர் மரபு. தாத்தாவின் பெயரையும் செபமாலையையும் மட்டுமே காத்து வைத்திருந்த குடும்பங்களுக்குக் குருவானவரின் வருகை எதைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்றும் ஆனி மாதத்தில் அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் தமிழரும் சிங்களவரும் யாத்திரை போகிறார்கள்.

1697ஆம் ஆண்டில் கண்டியில் வைசூரி பரவியது. கணவன் மனைவியையும், பெற்றோர் பிள்ளைகளையும் விட்டு ஓடினர். அரசனே நகரை விட்டு நீங்கினான். அடிகளாரும் அவரது மருமகனான வண. யோசேவ் கர்வாலியோவும் கைவிடப்பட்ட நோயாளரைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரைப் புதைத்தனர். இன்பத்திலும் துன்பத்திலும் கைவிடேன் என்ற மணவாக்கின் பொருளை அந்தத் துறவிகள் செயலினால் அன்று நகருக்குக் கற்பித்தார்கள்.

அதன் பின்னரும் அவர் ஓயவில்லை. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் மறைவாகப் போய் வந்தார். 1705ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த வண. யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்திலும் தமிழிலும் வேதநூல்கள் எழுதி மக்களை உறுதிப்படுத்தினார். தளர்ந்த உடலோடு, 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி பிரான்சிஸ் பாப்பரசரும் காலிமுகத்திடலில் அவரை முறையே முத்திப்பேறு பெற்றவராகவும் புனிதராகவும் உயர்த்தினார்கள்.

சட்டம் தலைவணங்கிய நாள்

அடிகளார் இறந்து 95 ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு காரியம் நடந்தது. ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்திருந்தனர். தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் 1806ஆம் ஆண்டில் ஒரு கட்டளை பிறப்பித்தார். கத்தோலிக்கர் தங்கள் வேதத்தைத் தடையின்றி அனுசரிக்கலாம் என்று அது கூறியது. அத்தோடு, 1795ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி முதல் கத்தோலிக்க முறைப்படி நடந்த கத்தோலிக்கரின் திருமணங்கள், ஒல்லாந்தர் விதித்த முறைகளைப் பின்பற்றாதிருந்தாலும், சட்டப்படி செல்லும் என்றும் கூறியது. தேசவழமை சட்டமாக ஏற்கப்பட்டதும் அதே 1806ஆம் ஆண்டில்தான்.

ஆளுகின்றவர்கள் நம் பீடத்துக்குச் சட்டத்தில் இடந்தந்ததற்குக் காரணம் அவர்களின் தாராளம் மட்டுமன்று. ஒன்றரை நூற்றாண்டாக எழுத்தாணிக்கு அஞ்சியும் விசுவாசத்தை விடாத குடும்பங்கள் அங்கே மிஞ்சியிருந்தன. சட்டம் கலியாணங்களை உண்டாக்கவில்லை. ஏற்கனவே இருந்த கலியாணங்களைக் கண்டுகொண்டது.

அந்தக் கட்டளை ஆங்கிலேயரின் கரையோரப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. 1740களில் குருமார் கண்டி நாட்டிலிருந்து துரத்தப்பட்ட பின்னும் விசுவாசத்தை விடாத வஹாக்கோட்டையார் போன்றோர் இன்னும் கண்டி மன்னரின் குடிகளாகவே இருந்தனர். 1815ஆம் ஆண்டில் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் கண்டியரின் விவாகத்துக்குப் பதிவைக் கட்டாயமாக்கி, பல கணவரை மணக்கும் வழக்கத்தைத் தடை செய்தது. இவ்வாறு மலைநாட்டு விவாகமும் அரசாங்கத்தின் ஏட்டுக்குள் வந்தது.

நமக்கு விடப்பட்டது

இன்று நம்மைத் துரத்தும் படை இல்லை. திருமண அறிவித்தலைப் பதிவாளருக்குக் கொடுத்துச் சான்றிதழ் பெற்று, பதிவு செய்யப்பட்ட கோவிலில் குருவானவர் முன்னிலையில் மணமுடித்தால், பீடத்தின் திருமணமே சட்டத்தின் விவாகமுமாகிறது. பகல் கலியாணமும் இராக் கலியாணமும் ஒன்றாகிவிட்டன. இதற்காக நம் முன்னோர் கொடுத்த விலையை நாம் மறக்கலாகாது.

ஆனால் இழுபறி தீர்ந்துவிடவில்லை. நீதிமன்றம் விவாகரத்துத் தந்தால் சட்டத்தின்படி இருவரும் விடுபட்டவர்கள். திருச்சபையின் முன்னே அந்தக் கட்டு அப்படியே இருக்கிறது. திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று தீர்த்தால், அத்தீர்ப்பு அரசாங்கப் பதிவேட்டை மாற்றாது. இந்த இடைவெளியில் அகப்பட்டு வருந்தும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களைப் பழித்துப் பேசுவது வாஸ் அடிகளாரின் வழியன்று. அவர் கதவைத் தட்டிக்கொண்டு போனவர்.

தோட்டப்புறங்களில் இன்னொரு குறை இருக்கிறது. தாலி கட்டி, ஊரறிய வாழ்ந்தும், பதிவு செய்யாமல் விடுகிறவர்கள் பலர். கணவன் இறந்தபின் சேமலாப நிதிக்கோ காணிக்கோ மனு எழுதும் நாளில்தான் அந்தக் கடதாசியின் அருமை தெரிகிறது. தோம்பை எதிர்த்த முன்னோரின் பிள்ளைகள் பதிவேட்டை அலட்சியம் செய்யலாமா? முன்னோர் எதிர்த்தது பதிவையன்று. தங்கள் விசுவாசத்தை விலையாகக் கேட்ட பதிவையே எதிர்த்தார்கள். இன்றைய பதிவேடு அந்த விலையைக் கேட்கவில்லை. அது விதவையையும் பிள்ளையையும் காக்கும் வேலி.

திருமணத்தை ஏற்படுத்துவது மணமக்களின் சம்மதமே என்று திருச்சபை போதிக்கிறது. குருவானவர் அதற்குத் திருச்சபையின் சாட்சி. பதிவாளர் அதற்கு நாட்டின் சாட்சி. நெடுநாள் குருவானவர் கிடைக்காத இடத்தில், சாட்சிகள் முன்னிலையில் தரும் சம்மதமே போதும் என்று இன்றைய திருச்சபைச் சட்டமும் ஏற்கிறது. சாட்சி சொல்பவர் எவரும் திருமணத்துக்கு எசமானர் அல்லர். ஒல்லாந்தக் கம்பனி இதை உணராமல், சாட்சியாயிருக்க வேண்டிய இடத்தில் எசமானாக இருக்க முயன்றது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் திருமண நாள் குறிக்கப்படும்போது மண்டபத்துக்கும் கூறைக்கும் செலவிடும் நேரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பங்குத்தந்தையிடம் மகனையும் மகளையும் அழைத்துப் போய், தாங்கள் தரப்போகும் சம்மதத்தின் பொருளை அவர்கள் அறியச் செய்யுங்கள். பதிவாளரிடமும் உரிய காலத்தில் அறிவித்தல் கொடுங்கள். இரண்டு ஏட்டிலும் ஒரே நாளில், ஒளிவு மறைவின்றிக் கையெழுத்திடும் பாக்கியம் சில்லாலையில் இருளில் முழங்காலிட்ட தம்பதிகளுக்குக் கிடைக்கவில்லை.